விரல் வைத்த இடம்

காலைக் காணோம். மயிலாத்தாளுக்கு முதலில் தோன்றியது அதுதான். முதுகில் ஊசி போட்டுத் திருப்பிப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாதத்தில் ஒரு வெதுவெதுப்பு, வெந்நீர்ச் சட்டிக்குள் காலை விட்ட மாதிரி, அது கெண்டைக்கால் ஏறி, முட்டி ஏறி, தொடை ஏறி இடுப்போடு நின்றுகொண்டது. அப்புறம் இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை. இத்தனை வருசம் கூடவே எழுந்து கூடவே படுத்த வலியும் இல்லை. பனியன் கம்பெனியில் கரண்டு போனதும் அத்தனை மிசினும் ஒரே மூச்சில் நின்றுபோகுமே, அப்போதுதானே தெரியும் அதுவரைக்கும் எவ்வளவு இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தோம் என்று, அந்த மாதிரி. கழுத்துக்குக் கீழே குறுக்கே ஒரு பச்சைத் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர்களும் அவள் முட்டியும், இந்தப் பக்கம் அவள் தலையும், மேலே ஒரு பெரிய விளக்கும், விரித்துக் கட்டிய இரண்டு கையும். தலைமாட்டில் மயக்க ஊசி டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "தூக்கம் வந்தாத் தூங்குங்கம்மா. இல்லைன்னா நானே தூங்க வெச்சுடறேன்" என்றார். "வேண்டாமுங்க. முழிச்சிட்டே இருக்கறனுங்க." "எதுக்கும்மா? துணியத்தான் பாத்துட்டுக் கெடக்கணும்." "பரவால்லீங்க, பனியன் துணி செக்கிங் பண்றவதான் நான். துணி பாத்தே பழக்கமுங்க." அவர் சிரித்தார். அவளும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வேண்டுதல்தான். எலும்பு கெட்டிருக்கோணும். முருகா, எலும்பு நல்லாக் கெட்டிருக்கோணும். ஊர் உலகத்தில் எவளாவது தன் எலும்பு கெட்டுக் கிடக்கட்டும் என்று சாமியிடம் கேட்பாளா. கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். கெடாத முட்டியை அறுத்தார்கள் என்றால் இத்தனை வருசம் அவள் சொன்ன சொல் அத்தனையும் பொய்யாகிப்போகும், அதைத் தாங்க முடியாது, காலைத் தாங்க முடியாததைவிட அது மோசம்.

எல்லாம் அந்த எக்ஸ்ரே படத்தில் ஆரம்பித்தது. முதல் முதலாக எக்ஸ்ரே எடுத்தது திருப்பூரிலேயே, கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில். அங்கே இருந்தவர் தங்கமான மனுசன். சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார், நின்றாள், அன்றைக்குப் பார்த்து முட்டி நெருப்பாக எரிந்தது, "சாமி, நிக்க முடியலீங்க, படுத்துக்கட்டுங்களா" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பாவம் என்று பட்டிருக்கும், "படுத்துக்கங்கம்மா" என்று தலைக்கு ஒரு தலகாணிகூட எடுத்துப் போட்டார். அந்தத் தலகாணியின் குளிர்ச்சி இப்போதும் பிடரியில் இருக்கிறது. அந்தப் புண்ணியவான் அன்றைக்குக் கொஞ்சம் கல்நெஞ்சனாக இருந்திருக்கலாம். படம் வந்தது. பார்த்த டாக்டர், "தேய்மானம் பெருசா ஒண்ணும் இல்ல, வயசுக்கு இது சகஜம்" என்று மாத்திரை எழுதினார். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். டெம்போ ஓட்டுகிறவர், சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் துணி மூட்டை அடிக்கிறவர், கையில் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார், ஆதாரம் கிடைத்தால் விட மாட்டார். சொந்தம் யார் வந்து "மயிலுக்குக் கால் எப்படி" என்று கேட்டாலும் பீரோ மேலிருந்து அந்தக் கவரை எடுத்து, படத்தை உருவி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "நீங்களே பாருங்க மச்சான், ஒண்ணுமே இல்ல." மச்சானுக்கு என்ன தெரியும், அவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "ஆமாங்க மாப்ள, சுத்தமாத்தான் இருக்குது" என்பார். கெட்டவரா என்றால் கெட்டவர் இல்லை. ராத்திரி அவள் முனகினால் எழுந்து தைலம் தேய்ப்பார், கட்டைவிரலை வைத்துப் பதமாக அழுத்துவார், தேய்த்துக்கொண்டே சொல்வார், "படத்துல ஒண்ணுமில்ல அம்மிணி, மனசுலதான் இருக்குது." தேய்க்கிற கையும் அதுதான், சொல்கிற வாயும் அதுதான். எதைத் தள்ளுவது. ஒரு தைப்பூசத்துக்குச் சென்னிமலை போய் அடிவாரத்திலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள், படி ஏறவில்லை, செருப்புக் காவலுக்கு ஆளாச்சு என்று எல்லோரும் ஏறிப் போனார்கள். இறங்கி வந்தவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "முருகன் கேட்டாரு, எங்க அவளைக் காணோம், படத்துலதான் ஒண்ணுமில்லையேன்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

என்னவோ தொட்டார்கள். தொட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை, தூரத்தில் யாரோ யார் வீட்டுக் கதவையோ தள்ளுகிற மாதிரி. முடி கருகுகிற வாசம் வந்தது. "என்ன வாசமுங்க?" "ரத்தம் வராம இருக்கச் சுடறாங்கம்மா." என்னுடையதுதானா கருகுவது. தன் உடம்பு கருகுகிற வாசத்தைத் தானே முகர்ந்துகொண்டு, அடுத்தவர் வீட்டு அடுப்பைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறோமே என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது. வெளியே தெரியாத சூட்சுமம் எல்லாம் இதுவரை அவள் துணியில்தான் பார்த்திருக்கிறாள். அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேசை, மேலே துணி ஓடும், வெள்ளையோ கறுப்போ, நின்றபடிக்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்டுப்போன கோடு. சும்மா போட்டுப் பார்த்தால் துணி பத்தரை மாற்றுத் தங்கம். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால்தான் அறுந்த இழை பல்லை இளிக்கும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் அவள் சொல்கிற முதல் வார்த்தையே அதுதான், இழுத்துப் பாரு கண்ணு, பாரம் ஏத்தாம எதையும் நம்பாத. கோயமுத்தூரில், இப்போது துணிக்கு அந்தப் பக்கம் நிற்கிற இந்தப் பெரிய டாக்டர் பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, "நின்னுக்கிட்டு எடுத்தீங்களா, படுத்துக்கிட்டா?" என்று கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை குளிர்ந்துபோனது. படுத்தால் முட்டியில் பாரம் இல்லை, இரண்டு எலும்புக்கும் நடுவில் இடம் தாராளமாக இருக்கிற மாதிரித் தெரியும், நின்றால்தான் எலும்போடு எலும்பு போய் உட்காரும் என்று அவர் இரண்டு முஷ்டியை வைத்துக் காட்டினார். ஊரான் துணியை எல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தவள், தன் முட்டியை மட்டும் தலகாணி போட்டுப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் நிற்க வைத்து எடுத்தார்கள், குழாய்க்குள் படுக்க வைத்து எம்.ஆர்.ஐ. என்றும் ஒன்று எடுத்தார்கள். அதில் முட்டிக்கு உள்பக்கம், கீழ் எலும்பில் ஒரு வெள்ளை, சாம்பல் துணியில் பால் சிந்திய மாதிரி. பெரிய டாக்டர் அதைத் தொட்டு, "இதான் உங்க வலி" என்றார். சென்னியப்பன் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "ஏனுங்க டாக்டர், இந்தப் பால் சிந்துன மாதிரி இருக்கறதுக்கா காலைப் பொளக்கோணும்?" வெளியே வந்து டீ குடிக்கும்போது, "ஒரு படம் இல்லைங்குது, ஒரு படம் இருக்குதுங்குது, எதை நம்பறது அம்மிணி" என்றார். அது என்னவோ நியாயமான கேள்வியாகத்தான் அவளுக்கும் பட்டது. ஒருதரம் மாற்றிப் பேசினவன் இன்னொருதரம் மாற்ற மாட்டான் என்று என்ன நிச்சயம். அதற்கு மேலே நேற்றுச் சாயங்காலம் வந்தாளே நஸ்ரீன், சின்னப் பெண், திசு பார்க்கிற டாக்டராம், அவள் வந்து மனசைக் கலக்கிவிட்டாள். கலக்க வேண்டும் என்று வரவில்லை, உள்ளதைச் சொன்னாள். "அம்மா, உங்க முட்டியில இருந்து எடுக்கற எலும்பை நான் வாங்கிக்கலாமா? மெலிசாச் சீவி, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல வெச்சு, ஸ்கேன் படத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பேன்." "எதுக்குங்க கண்ணு, படத்துலதான் தெரியுதுன்னாரே பெரியவர்." நஸ்ரீன் கொஞ்சம் யோசித்தாள். "படத்துல வெள்ளையாத் தெரியுதும்மா. அந்த வெள்ளைக்குள்ள என்ன நடக்குதுன்னு இன்னும் எங்களுக்கு முழுசாத் தெரியாது. சில பேருக்குப் படம் பூரா கெட்டிருக்கும், ஓடிக்கிட்டு இருப்பாங்க. சில பேருக்குப் படத்துல கொஞ்சம்தான் இருக்கும், துடிச்சுப்போவாங்க." சொல்லிவிட்டு, "ஒரே விரலால, வலிக்கற இடத்தைத் தொட்டுக் காட்டுங்க" என்றாள். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தாள். முட்டிக்கு உள்பக்கம், கொஞ்சம் கீழே, எத்தனையோ ராத்திரி விரல் தானாகப் போய் உட்கார்ந்த பள்ளம். நஸ்ரீன் அங்கே ஊதா மையில் ஒரு வட்டம் போட்டாள். அவள் போன பிறகு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். படித்தவர்களுக்கே தெரியாதாம். அப்படி என்றால் உள்ளே ஒன்றும் இல்லாமலும் போகலாம். திறந்து பார்த்தால் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளை வெளேரென்று எலும்பு, கெடாத எலும்பு, அதைத் தட்டில் வைத்து நாளைக்குச் சென்னியப்பன் முன்னால் நீட்டுவார்கள். நீட்டுவார்கள், அது அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாதான் சொன்னாள், எடுத்த எலும்பை ஒரு தட்டில் போட்டு வெளியே கொண்டுவந்து வீட்டு ஆளுங்களுக்குக் காட்டுவார்கள், அதுதான் இங்கே முறை, எங்க பையன் பார்த்துட்டு மயக்கம் போட்டுட்டான் என்று.

துளை போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரம்பம். கையால் இழுக்கிற ரம்பம் இல்லை, கரண்டில் ஓடுகிறது, ஙீஈஈ என்று ஏறி இறங்கியது. கட்டில் நடுங்கி, அந்த நடுக்கம் முதுகு வழியாக வந்து அவள் பல்லில் முடிந்தது. என் எலும்பு என் பல்லுக்குச் சேதி சொல்லுது என்று நினைத்தாள். பயப்பட வேண்டிய இடம் இது, பயத்தையும் காணோம், சின்ன வயதில் கிணறு தோண்டுகிற இடத்தில் வெடி வைக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்த மாதிரி ஒரு வாய்பிளப்பு. மனுசன் மனுசனைத் திறக்கிறான், திறந்தவனும் பேசுகிறான், திறக்கப்பட்டவளும் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். துணிக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் யாரிடமோ, "நாளைக்குப் பாப்பா ஸ்கூல்ல ஆண்டு விழா, மயில் டான்ஸாம், தோகைக்கு எங்க போறதுன்னு வீட்டுல ஒரே ரகளை" என்றார். மயில் என்ற பேச்சைக் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று "ஏனுங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "உங்களை இல்லம்மா, நீங்க ஆடறதுக்கு இன்னும் நாளாகும்." அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். காலைக் காணோம் என்று நினைத்தாளே, இருக்கிறது. வலது கால் மடக்கி, முட்டியைத் தூக்கி, பாதத்தைக் கட்டிலில் ஊன்றி வைத்திருக்கிறாள். நன்றாகத் தெரிகிறது, தொடை இழுத்துப் பிடிக்கிறதுகூட. "டாக்டர், காலை ரொம்ப நேரமா மடக்கியே வெச்சிருக்கறீங்க, கொஞ்சம் நீட்டி விடுங்களேன்." தலைமாட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "நீட்டித்தாம்மா இருக்கு. இப்பத்தான் நீட்டி வெச்சாங்க." "இல்லீங்க, மடக்கியிருக்குது." "ஊசி போட்டா அப்படித்தாம்மா. கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கற மாதிரி மனசு சொல்லிக்கிட்டு இருக்கும். காலுக்கு ஒண்ணும் தெரியாது."

மனசு சொல்லிக்கிட்டு இருக்கும். சென்னியப்பன் சொன்ன அதே வார்த்தை. நீட்டிக் கிடக்கிற காலை மடக்கியிருக்கிறது என்று இப்போதுதானே சத்தியம் பண்ணியிருப்பாள். தலையில் அடித்து, பிள்ளை மேல் கை வைத்து, பண்ணியிருப்பாள். அப்படியென்றால் அந்த வலி. அதுவும் இந்த மாதிரி எப்போதோ ஒரு நாள் வலித்து, அப்புறம் வலித்துக்கொண்டே இருப்பதாக மனசு சொல்லிக்கொண்டே இருந்ததா. படி ஏறாதது, பந்தியில் உட்காராதது, கம்பெனியில் ஸ்டூல் கேட்டுச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் மடக்காத காலை மடக்கினதாகச் சொன்ன கதைதானா. படம் பொய் சொன்னது என்றாள், இப்போது உடம்பே சொல்கிறதே, இனி யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. எலும்பு ஒன்றுதான் பாக்கி. எலும்புக்கு மனசு கிடையாது, தலகாணி கிடையாது. முருகா, நிறுத்தச் சொல்லிவிடட்டுமா. வேண்டாம் டாக்டர், மூடிவிடுங்க, நான் வலிக்குதுன்னு சொன்னது சரியாத் தெரியாமச் சொன்னது. சொல்லியிருப்பாள், வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ரம்பம் நின்றது. தட்டில் ஏதோ விழுந்தது. கனமான சத்தம், கூழாங்கல்லை எவர்சில்வர் தட்டில் போட்ட மாதிரி. "மெதுவா, மெதுவா. மை வெச்சுக்கறேன் சார், முன்பக்கம் பின்பக்கம் மாறிட்டா ஒப்பிட முடியாது." நஸ்ரீன் குரல். அப்புறம் ஒரு அமைதி. நல்ல எலும்பைப் பார்த்து வந்த அமைதியா, கெட்டதைப் பார்த்து வந்ததா. துணியில் ஓட்டை கண்டுபிடித்தால் பிள்ளைகள் "அக்கா, இங்க" என்று கத்துவார்கள். இவர்கள் ஒன்றும் கத்தவில்லை. பெரிய டாக்டர், "வெளியில காட்டிட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். கதவு திறந்து மூடிக்கொண்டது.

போய்விட்டது. அவளுக்கு முன்னால் சென்னியப்பன் பார்க்கப் போகிறார். உடம்பு அவளுடையது, தீர்ப்பு அவர் கைக்குப் போகிறது. கவரைக் கொண்டுவந்திருக்கிறார் அந்த மனுசன், காலையில் பார்த்தாள், சட்டைக்குள் செருகாத குறையாக அந்தப் பழைய படத்தை இடுக்கிக்கொண்டுதான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்திருப்பார். வேட்டியைச் சரி பண்ணுவார். தட்டில் பளிச்சென்று எலும்பைப் பார்ப்பார், "நான்தான் சொன்னனுங்களே" என்பார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லிவிட்டு ராத்திரி தைலமும் தேய்ப்பார். அவள் கண்ணோரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக் கை இல்லை, இரண்டும் கட்டியிருக்கிறது. தலைமாட்டில் இருந்தவர் பஞ்சை எடுத்துத் துடைத்தார். கதவு திறந்தது. செருப்புச் சத்தம் துணிக்கு அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வந்தது. முகமூடிக்கு மேலே நஸ்ரீனின் கண்கள் மட்டும். "கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "என்ன சொன்னாரு?"

"முதல்ல பார்த்தார்மா. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் கவர்ல இருந்து ஒரு படத்தை எடுத்து, தட்டுக்குப் பக்கத்துல வெச்சு, அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார், ரொம்ப நேரம். எனக்கு நேரமாகுதுன்னு சொன்னேன். அப்பத்தான் கேட்டார்." "என்னன்னு?" "'இதுமேலயா இவ நடந்துக்கிட்டு இருந்தா'ன்னு கேட்டார்."

மயிலாத்தாள் தலையைத் தூக்கப் பார்த்தாள். "எனக்குக் காட்டு கண்ணு" என்றாள். நஸ்ரீன் துணிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், பெரிய டாக்டர் தலையாட்டியிருக்க வேண்டும். உறை போட்ட உள்ளங்கையில் ஏந்தி விளக்கடியில் பிடித்தாள். தேங்காய்ச் சில்லு அளவுதான். இவ்வளவுதானா. இத்தனை வருசம் இவ்வளவு பெரிய பெண்ணை உட்கார வைத்தது இதுதானா. ஒரு பாதி வெள்ளையாக, வழுவழுவென்று, நுங்கின் மேல்தோல் மாதிரி ஈரமாக இருந்தது. மறுபாதியில் அந்தத் தோலே இல்லை. வெறும் எலும்பு, தேய்ந்து தேய்ந்து மெருகேறி, தந்தத்தில் கடைந்த மாதிரிப் பளபளத்தது, அதில் நேர் நேராகக் கோடுகள், ஏர் ஓட்டின மாதிரி. யார் ஓட்டியது. அவள்தான், செக்கிங் மேசைக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் மேசைக்குமாக. நஸ்ரீன் அதைத் திருப்பினாள். ரம்பம் அறுத்த பக்கம். உள்ளே தேன்கூடு மாதிரி நுணுக்கி நுணுக்கிக் கட்டியிருந்தது, மஞ்சளாக, ஒரு கண்கூட ஒன்றைப் போல ஒன்று இல்லை. இப்படி ஒரு வேலைப்பாட்டையா உள்ளே வைத்துக்கொண்டு மாவரைத்தோம், துணி துவைத்தோம். அதன் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மாதுளை நிறத்தில் சிவந்து, கூடு அடைபட்டுக் கிடந்தது. நஸ்ரீன் மற்ற கையால் ஸ்கேன் படத்தை அதற்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்தில் வெள்ளை, எலும்பில் சிவப்பு, இரண்டும் ஒரே வடிவம், ஒரே இடம். "நீங்க விரல் வெச்ச இடம்மா" என்றாள். "மை போட்ட வட்டத்துக்கு நேர் உள்ளே."

"அதுக்குள்ள என்ன கண்ணு இருக்குது?" "சீவிப் பார்த்தாத்தான் உங்களோடதைச் சொல்ல முடியும். இதுக்கு முன்னாடி பார்த்ததுல, இந்த மாதிரி இடத்துல இந்தத் தேன்கூடு மாதிரி இருக்கற எலும்போட சின்னச் சின்னக் கம்பியெல்லாம் நசுங்கி ஒடிஞ்சிருக்கும். ஒடிஞ்ச இடத்துல எலும்பு புதுசு கட்டிக்கிட்டும் இருக்கும். ரத்தக்குழாய் புதுசா ஓடிவந்திருக்கும். ஒடியறதும் கட்டறதும் ஒரே எடத்துல." மயிலாத்தாள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சனியன் பிடிச்ச முட்டி என்று எத்தனை தரம் திட்டியிருப்பாள், குத்தியிருப்பாள். அவள் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது உள்ளே இருட்டில், அறுந்த இழையை எடுத்து எடுத்துக் கோத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் தூங்கினபோது தூங்கவில்லை. விளக்கில்லை, மேசை இல்லை, நல்லாப் பண்ணினே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, காலையில் அவள் எழுந்து மறுபடியும் மிதிப்பாள் என்று தெரிந்தும் கோத்திருக்கிறது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கை இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கட்டிக் கிடந்தது, சேரவில்லை. வலது கையில் அந்த ஒரு விரல் மட்டும் தானாகப் பலகையைத் தடவியது, பள்ளத்தைத் தேடுகிற மாதிரி. அந்த இடம் இப்போது நஸ்ரீன் கையில் இருந்தது.

துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது, புது முட்டியை அடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். நஸ்ரீன் எலும்பை மருந்துத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் இறக்கி மூடியைத் திருகினாள். இன்னொரு படத்தையும் எடுத்து அவளுக்குக் காட்டினாள், ஓரமெல்லாம் மடங்கி, விரல் ரேகை படிந்த பழைய படம். "இதையும் வெச்சுக்கச் சொல்லி உங்க வீட்டுக்காரர் கையில குடுத்துட்டார்மா. வேண்டாம்னு சொன்னேன், நீட்டின கையை அவர் எடுக்கல, வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா இது படுத்து எடுத்தது, தப்பான படம். ஒப்பிடறதுக்கு ஆகாது."

"வெச்சுக்க கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "அது பொய் சொல்லல. நான் படுத்துக்கிட்டுக் கேட்டேன், அது படுத்துக்கிட்டு இருந்த முட்டியச் சொல்லுச்சு."